பேரனுக்குச் சிவப்புத் தொப்பி கொடுத்த போப் சீர்திருத்தவாதியா?

கேள்வி (ஒரு வாசகர்), 2022 ஜனவரி 8

கத்தோலிக்கத் திருச்சபையின் சீர்திருத்தத்தைத் தொடங்கிவைத்த போப் என்று 16-ஆம் நூற்றாண்டின் மூன்றாம் பவுலைப் புத்தகத்துக்குப் புத்தகம் தூக்கிப் பிடிக்கிறார்கள். ஆளைப் பார்த்தால் நான்கு பிள்ளைகளுக்குத் தகப்பன். பதவிக்கு வந்த சூட்டோடு 14 வயதுப் பேரனைக் கர்தினால் ஆக்கியிருக்கிறார், போப்புக்கு அடுத்த பதவி அது. ரோமை எதிர்த்துக் கிளம்பிய ஜெர்மன் துறவி லூத்தருக்குப் பயந்து போட்ட வேஷம் இது என்பது என் கருத்து. மறுக்கிறவர்கள் மறுக்கலாம்.

ஜனவரி 8, இரவு

நான்கு பிள்ளைகள், உண்மை. பேரன், உண்மை. இன்னும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1493-இல் ஆறாம் அலெக்சாண்டர் இவரைக் கர்தினால் ஆக்கியபோது இவருடைய தங்கை ஜூலியா ஃபர்னேசே அந்தப் போப்பின் ஆசைநாயகி. ரோம் நகரமே இவரைப் 'பாவாடைக் கர்தினால்' என்று சிரித்தது. 1509-இல் பார்மாவுக்கு ஆயர். குருப்பட்டம் வாங்கியது 1519-இல். வரிசை தலைகீழாக இருக்கிறதே என்று கேட்காதீர்கள், அந்தக் காலத்தில் அது சகஜம்.

நான் ஏற்காதது உங்கள் முடிவை மட்டும். வேஷம் போடுகிறவன் அழுக்கை மறைத்துவிட்டுத்தான் மேடையேறுவான். இவர் மறைக்கவேயில்லை. 1534 அக்டோபர் 13-இல் போப்பாகத் தேர்வு. டிசம்பர் 18-இல் மகன்வழிப் பேரன் அலெஸ்ஸாந்த்ரோவுக்கும் மகள்வழிப் பேரன் குயிதோ அஸ்கானியோ ஸ்ஃபோர்ட்சாவுக்கும் கர்தினால்களின் சிவப்புத் தொப்பி. ஊர் அறிய, பட்டப்பகலில். ஐந்து மாதம் கழித்து, 1535 மே மாதம், அடுத்த பட்டியல். அதில் கஸ்பாரோ கொந்தாரினி இருக்கிறார். வெனிஸ் பிரபு, அரசுத் தூதர், குருப்பட்டமே இல்லாத பொதுநிலையினர், ரோமின் ஊழலைப் பற்றி வாய்திறந்து பேசுகிறவர். அவருக்கு எந்தக் குடும்பக் கணக்கிலும் தொப்பி கொடுக்க வேண்டிய அவசியம் இல்லை.

அதே பட்டியலில், மன்னனை எதிர்த்து லண்டன் சிறையில் கிடந்த ஆயர் ஜான் ஃபிஷரும் உண்டு. தொப்பி வந்து சேரும்போது வைத்துக்கொள்ளத் தலை இருக்காது என்று இங்கிலாந்து மன்னன் எட்டாம் ஹென்றி சொன்னதாகக் கதை. கதையோ இல்லையோ, ஜூன் 22-இல் தலையை எடுத்துவிட்டான். போப் கௌரவிக்கப் போய் அந்த மனிதரின் முடிவைச் சீக்கிரமாக்கினார் என்று சொல்ல இடமுண்டு.

ஜனவரி 8, அதற்குக் கொஞ்சம் பிறகு

தொப்பி வாங்கிய இன்னொரு பேரன் குயிதோவுக்கு வயது 16. அவனையும் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள்.

ஜனவரி 10

'கொந்தாரினி போன்றவர்களை அலங்காரத்துக்கு வைத்திருந்தார், வேலை வாங்கவில்லை' என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். வேலை வாங்கினார். வாங்கியதை என்ன செய்தார் என்பதில்தான் தகராறு.

1536-இல் ஒன்பது பேர் கொண்ட குழு. கொந்தாரினி தலைமை. கராஃபா, போல், சதொலேதோ, அலெயாந்த்ரோ, வெரோனா ஆயர் ஜிபெர்த்தி எல்லாம் உள்ளே. 1537 மார்ச் 9-இல் அறிக்கையைப் போப்பின் முன்னிலையில் வைத்தார்கள். நான் இதை முதன்முதலில் படித்தபோது எதிர்பார்த்தது வழக்கமான கமிட்டி அறிக்கை. மெழுகிப் பூசி, யார் மேலும் படாமல். முதல் பக்கத்திலேயே நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன். நோய்க்கு மூலம் போப்புகளே என்று போப்பிடமே சொல்கிறார்கள். முகஸ்துதி பாடும் சட்ட அறிஞர்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டீர்கள், 'பதவிகளெல்லாம் உங்கள் சொத்து, சொந்தச் சொத்தை விற்பது குற்றமாகாது' என்று அவர்கள் காதில் ஓதினார்கள், டிரோயா மரக்குதிரையிலிருந்து இறங்கிய படைபோல எல்லாக் கேடும் அதிலிருந்துதான் இறங்கியது. இது சாரம். அப்புறம் பட்டியல்: தகுதியில்லாதவர்களுக்குக் குருப்பட்டம், ஊருக்கே போகாத ஆயர்கள், மறைமாவட்டத்தைக் கைமாற்றிவிட்டு வருமானத்தை மட்டும் பிடித்துவைத்துக்கொள்வது, கேடுகெட்ட நிலையில் மடங்கள், ரோமில் விலைமாதர் கோவேறு கழுதை மேல் சீமாட்டிகளாக உலாப்போவதும் கர்தினால் வீட்டு ஆட்கள் கூடவே நடப்பதும்.

வேஷக்காரர் ஒருவர் இப்படியொரு தாளைத் தனக்கெதிராகத் தானே கேட்டு வாங்குவாரா?

அறிக்கை ரகசியமாக இருந்திருக்க வேண்டும். கசிந்தது. 1538-க்குள் அச்சில். லூத்தர் விடுவாரா! ஜெர்மனில் பெயர்த்து, ஓரத்தில் நக்கல் குறிப்பெழுதி, முகப்பில் படம் வேறு போட்டார்: கர்தினால்கள் கோயிலைக் கூட்டுகிறார்கள், கையில் துடைப்பத்துக்குப் பதில் நரிவால்.

ஜனவரி 10, இரவு

சரி, கூட்டினார்களா? இதற்கு நேர்மையாகப் பதில் சொன்னால் என் கட்சி கொஞ்சம் பலவீனமாகும்.

பணம் புழங்கிய இடம் தத்தாரியா என்ற அலுவலகம். விதிவிலக்கு, சலுகை, பதவி எதுவானாலும் கட்டணம் கட்டி வாங்கும் ஜன்னல் அது. கொந்தாரினி அதில்தான் கைவைக்கச் சொன்னார். கமிஷனுக்கு மேல் கமிஷன் போட்டார்கள். போப் கேட்டார், தலையாட்டினார், பாராட்டினார். ஜன்னல் திறந்தே இருந்தது. வீட்டுக்கு வெள்ளையடிக்க ஆள் கூப்பிட்டுவிட்டு, பெட்டி இருக்கும் அறைச் சாவியை மட்டும் இடுப்பில் செருகிக்கொண்ட கதை.

1540 டிசம்பரில் ரோமில் காலம் தள்ளிக்கொண்டிருந்த எண்பதுக்கும் மேற்பட்ட ஆயர்களைக் கூப்பிட்டு, உங்கள் ஊருக்குப் போய் உங்கள் ஆடுகளைப் பாருங்கள் என்றார். நல்ல பேச்சு. அந்த நேரத்தில் பேரன் கர்தினால் அலெஸ்ஸாந்த்ரோ கையில் ரோன் நதிக்கரை அவிஞ்ஞோன், சிசிலித் தீவின் மொன்ரெயாலே என்று ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத இடங்கள். இருந்தது ரோமில்.

ஊருக்குத்தான் உபதேசம். இதில் உங்களோடு சண்டைபோட எனக்கு ஒன்றுமில்லை.

ஜனவரி 13

பொதுச்சங்கம், அதாவது எல்லா நாட்டு ஆயர்களும் கூடி முடிவெடுக்கும் சபை, தாமதமானது பற்றி மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள். ஒருவர் வட இத்தாலியின் திரெந்து ஊரில் கூடிய சங்கத்தைக் கூட்டியது நான்காம் பயஸ் என்கிறார். இல்லை. அவர் முடித்துவைத்தவர், 1563-இல். கூட்டியது மூன்றாம் பவுல். 1545 டிசம்பர் 13.

தாமதத்தின் கதை, சுருக்கி: 1536 ஜூனில் ஆணை, மறு வருஷம் மே மாதம் மாந்துவாவில் கூடவேண்டும். மாந்துவாப் பிரபு, இத்தனை பேர் வந்தால் எனக்குக் காவல்படை வேண்டும், செலவு போப்புடையது என்றான். போப் மறுத்தார். இடம் விச்சென்ட்சாவுக்கு மாறியது. 1538 மே மாதம் போப்பின் பிரதிநிதிகள் மூன்று பேர் அங்கே போய் உட்கார்ந்தார்கள். ஆயர்களைக் காணோம். கல்யாண வீட்டுக்காரர் மட்டும் பந்தியில். பிறகு 1542-இல் திரெந்துக்கு அழைப்பு. பிரான்சு மன்னன் முதலாம் பிரான்சுவாவும், ஜெர்மனியும் ஸ்பெயினும் ஆண்ட பேரரசர் ஐந்தாம் சார்லசும் மறுபடி போருக்குப் போனார்கள், ஒத்திவைப்பு. 1544 செப்டம்பரில் க்ரெப்பி சமாதானம், நவம்பரில் மீண்டும் ஆணை, 1545 மார்ச்சில் தொடக்கம் என்று. தொடங்கியது டிசம்பரில்.

பிரான்சுவாவுக்குச் சங்கமே வேண்டாம். ஜெர்மனி மதச்சண்டையில் கிழிந்து கிடக்கிறவரை சார்லசின் கை கட்டிக்கிடக்கும் என்பது அவன் கணக்கு. சார்லசுக்குச் சங்கம் வேண்டும், ஆனால் ஜெர்மன் மண்ணில், தன் கண் முன்னால். லூத்தர் தரப்புக்கும் சங்கம் வேண்டும், ஆனால் போப் தலைமை இல்லாமல். 1537 பிப்ரவரியில் ஜெர்மனியின் ஷ்மால்கால்டன் ஊரில் கூடி அழைப்பை முகத்திலடித்த மாதிரித் திருப்பிவிட்டார்கள். இந்த மூவரையும் ஒரே திண்ணையில் உட்காரவைக்க எந்தப் போப்பாலும் முடிந்திருக்காது.

ஜனவரி 13, பின்னேரம்

வெர்ஜேரியோ பற்றிச் சொல்லாமல் விட்டால் தூக்கம் வராது.

சங்கத்துக்கு ஜெர்மன்காரர்களைச் சம்மதிக்கவைக்கப் போப் அனுப்பிய தூதர் பியெத்ரோ பாவ்லோ வெர்ஜேரியோ. 1535 நவம்பரில் விட்டன்பர்க்கில் லூத்தரை நேரிலேயே சந்தித்தார். லூத்தர் அன்று காலையில் நாவிதரை வரவழைத்து முகம் மழித்து, நல்ல துணி உடுத்திக்கொண்டு போனார். தன்னைப் பார்த்ததும் 'இவன் இன்னும் வாலிபன், இன்னும் எத்தனை வருஷம் தொல்லை கொடுப்பானோ' என்று தூதர் பயப்படவேண்டும் என்பது திட்டமாம். 52 வயதை நெருங்கியவர்.

வெர்ஜேரியோ லூத்தரை மிருகம் என்கிற மாதிரி ரோமுக்கு எழுதினார். பிறகு கப்போதிஸ்த்ரியா ஆயரானார். பிறகு? 1549-இல் ஆல்ப்ஸ் தாண்டி ஓடி, தானே புரோட்டஸ்டண்ட் ஆனார். மீதிக் காலமெல்லாம் போப்புகளைத் திட்டிப் புத்தகம் போட்டார்.

ஜனவரி 16

தாமதத்துக்குப் போப் காரணமில்லை என்று தொனிக்கும்படி 13-ஆம் தேதி எழுதிவிட்டு மூன்று நாளாக அதையே மென்றுகொண்டிருக்கிறேன். மன்னர்கள் தடுத்தார்கள் என்பது சரி. ஆனால் அந்தத் தடைகள் இவருக்கு எவ்வளவு இடைஞ்சலாக இருந்தன? நூறு வருஷத்துக்கு முன்னால் கான்ஸ்டன்ஸ் சங்கம் போட்டி போப்புகளை வீட்டுக்கு அனுப்பியது; பாசல் சங்கம் பதவியிலிருந்த போப்பையே நீக்கியதாக அறிவித்தது. கர்தினாலாக 41 வருஷம் ரோமில் குப்பை கொட்டியவருக்கு அந்தக் கதை தெரியாதா? இவருக்கு முந்திய ஏழாம் கிளெமெண்ட் சங்கம் என்ற பேச்சு வந்தாலே நழுவியவர். இவர் நழுவவில்லை. ஆனால் ஓடவும் இல்லை.

எனக்கு உறுத்துவது வேறிடம். 1541.

அந்த வருஷம் ஜெர்மனியின் ரேகன்ஸ்பர்க்கில் சார்லஸ் இரு தரப்பையும் ஒரே மேசையில் உட்காரவைத்தார். கத்தோலிக்கர் பக்கம் எக், குரோப்பர், ஃப்ளுக். மறுபக்கம் மெலாங்டன், பூட்சர், பிஸ்டோரியுஸ். போப்பின் பிரதிநிதியாகக் கொந்தாரினி. அப்போது ஸ்ட்ராஸ்பர்க்கில் இருந்த பிரெஞ்சுப் புரோட்டஸ்டண்ட் தலைவர் கால்வினும் அங்கே வந்திருந்தார். மே மாதத் தொடக்கத்தில் நடக்காது என்று எல்லோரும் நினைத்தது நடந்தது. மனிதன் கடவுள் முன் நீதிமானாவது எப்படி என்ற கேள்வியில், அதாவது லூத்தர் எல்லாவற்றையும் போட்டு உடைத்த அதே கேள்வியில், இரு தரப்பும் ஒரே வாசகத்துக்கு ஒப்புக்கொண்டார்கள்.

கொந்தாரினிக்கு அது புதுக் கேள்வி இல்லை. 1511-இல், லூத்தர் பெயரை யாருமே கேள்விப்படாத காலத்தில், ஈஸ்டருக்கு முந்திய பெரிய சனிக்கிழமை பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டு வந்து, என் தவம் எத்தனை கூடினாலும் என் பாவத்துக்கு ஈடாகாது, கிறிஸ்துவின் பாடு போதும், அதில் சாய்ந்துகொள்கிறேன் என்று நண்பருக்குக் கடிதம் எழுதியவர். அப்படி எழுதிவிட்டுக் கத்தோலிக்கராகவே இருந்தவர். புரோட்டஸ்டண்டுகளோடு பேச ரோமில் இவரைவிடப் பொருத்தமான ஆள் கிடையாது. அவரை அங்கே அனுப்பியது யார்? நம்ம ஆள்தான். அது வேஷமென்றால் மிக நல்ல வேஷம்.

வாசகம் ரோமுக்குப் போனது. பதில் வந்தது. போப் இதை ஏற்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை. கத்தோலிக்கப் பொருளில்தான் எழுதியிருக்கிறார்கள் என்றே வைத்துக்கொண்டாலும், வார்த்தைகள் இன்னும் தெளிவாக இருந்திருக்கலாம் என்று படித்தவர்கள் கருதுகிறார்கள். இவ்வளவுதான். இந்தப் பதிலைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். வேண்டாம் என்றாவது சொல்லியிருக்கலாம்!

ரோம் மட்டும் கெடுத்தது என்றும் இல்லை. லூத்தர் அந்த வாசகத்தை ஒட்டுப்போட்ட துணி என்று ஒதுக்கினார். மேசையிலேயே நற்கருணை விஷயம் வந்ததும் பேச்சு முறிந்தது. அப்பமும் இரசமும் என்னவாக மாறுகின்றன என்ற இடத்தில் கொந்தாரினியே ஓர் அடி நகரவில்லை.

ஜனவரி 17

'அப்படியானால் 1542 விசாரணை மன்றம் ரேகன்ஸ்பர்க் தோல்வியின் விளைவு' என்று, மாற்றுக் கருத்துக்காரர்களைப் பிடிக்க ரோமில் வைத்த மன்றத்தைப் பற்றி ஒருவர் எழுதியிருக்கிறார். பாதி சரி. இன்னொரு பாதி இத்தாலிக்குள்ளேயே இருந்தது. லூக்கா, மொதெனா போன்ற ஊர்களில் லூத்தர் கருத்து படித்த வட்டாரங்களில் பரவிக்கொண்டிருந்தது. 1536 குழுவில் இருந்த அந்தக் கராஃபாவுக்கு அது பொறுக்கவில்லை. 1542 ஜூலை 21-இல் ஆணை, ஆறு கர்தினால்கள், யாரை வேண்டுமானாலும் விசாரிக்கும் அதிகாரம்.

வரிசையைக் கவனியுங்கள். ஜூலையில் மன்றம். உடனே கப்புச்சின் துறவுச் சபைத் தலைவர் பெர்னார்தினோ ஒக்கினோவுக்கு ரோமிலிருந்து அழைப்பு. இத்தாலியிலேயே பேர்போன பிரசங்கி அவர். ரோமுக்குக் கிளம்பியவர் வழியில் பொலோஞாவில் படுத்த படுக்கையாயிருந்த கொந்தாரினியைப் பார்த்தார். அங்கிருந்து ரோமுக்குப் போகாமல் திரும்பி ஜெனீவாவுக்கு ஓடினார். லூக்காவில் மடத்துத் தலைவராயிருந்த பீட்டர் மார்ட்டர் வெர்மீலியும் ஆகஸ்டில் ஓட்டம். ஆகஸ்ட் 24-இல் கொந்தாரினி இறந்தார்.

பேசித் தீர்க்கலாம் என்றவரையும் பிடித்து அடைக்கலாம் என்றவரையும் கர்தினால் ஆக்கியது ஒரே மனிதர், ஒன்றரை வருஷ இடைவெளியில். இரண்டு குதிரையிலும் பணம் கட்டினார். ஒன்று செத்தது.

ஜனவரி 20

கனமான பேச்சு போதும். கப்பலில் வேலை பார்த்த காலத்தில் சரக்குக்காக நேப்பிள்ஸில் நின்றோம். கூட வந்த பையன்கள் பீட்சா தேடிப் போனார்கள். நான் பஸ் பிடித்து மலைமேல் கப்போதிமோந்தே அரண்மனைக்குப் போனேன். ஃபர்னேசே குடும்பத்துப் படங்களெல்லாம் அங்கேதான் இருக்கின்றன. குடும்பத்தின் கடைசி வாரிசு எலிசபெத்தா ஸ்பெயின் அரசனைக் கட்டினாள், அவள் மகன் 1734-இல் நேப்பிள்ஸ் அரசனானான், பாட்டன் வீட்டுச் சொத்தை அங்கே அள்ளிக்கொண்டு போய்விட்டான்.

வெனிஸ் ஓவியர் டிஷியன் வரைந்த படம் ஒன்று. கூன் விழுந்த கிழவர் நாற்காலியில். பின்னால் கர்தினால் பேரன் அலெஸ்ஸாந்த்ரோ. முன்னால் இன்னொரு பேரன் ஒத்தாவியோ இடுப்பை வளைத்துக் கும்பிடு போடுகிறான். கிழவர் தலையைத் திருப்பி அவனைப் பார்க்கும் பார்வை இருக்கிறதே, எங்கள் ஊரில் பத்திரம் எழுதும்போது பெரியவர்கள் பார்க்கும் அதே பார்வை. படம் முடிக்கப்படாமலே நின்றுவிட்டது. போப்பின் வலது கையைச் சரியாகப் போடவே இல்லை. டிஷியன் ரோமுக்கு வந்தது 1545-இல், தன் மகன் பொம்போனியோவுக்குக் கோயில் மானியம் ஒன்று வாங்கும் நினைப்போடு. வரைந்தவருக்கும் குடும்பக் கவலை, வரையப்பட்டவருக்கும் குடும்பக் கவலை.

இன்னொரு முறை சிவித்தாவெக்கியா துறைமுகத்தில் கட்டியபோது கப்பலுக்கு நேரெதிரே தடித்த கோட்டை. மிக்கேலாஞ்சலோ கோட்டை என்பார்கள். தொடங்கியது போப் இரண்டாம் ஜூலியஸ், முடித்தது இந்தப் பவுல்.

ஜனவரி 20, இரவு

ஆமாம், கோப்பர்நிக்கஸ் 1543-இல் தன் நூலைக் காணிக்கையாக்கியது இவருக்குத்தான். ஆமாம், சிஸ்டைன் சிற்றாலயத்தின் கடைசித் தீர்வை ஓவியமும் 1541-இல் இவர் காலத்தில்தான் திறந்தார்கள். சடங்கு அதிகாரி பியாஜோ நிர்வாண உருவங்களைக் குறைசொல்ல, மிக்கேலாஞ்சலோ அவர் முகத்தையே நரகத்து நடுவனுக்குப் போட்டுவிட்டார். அவர் போப்பிடம் அழ, 'உத்தரிக்கிற ஸ்தலத்தில் (செத்தவர்கள் பாவம் தீரும்வரை இருக்கும் இடம்) போட்டிருந்தால் ஏதாவது செய்திருப்பேன், நரகத்தில் எனக்கு அதிகாரமில்லையே' என்றாராம். இந்தக் கதைக்காகவே இவரைப் பாதி மன்னிக்கலாம்.

ஜனவரி 23

'நமக்கும் இவருக்கும் என்ன சம்பந்தம்' என்று கேட்டவருக்கு. நான் முத்துக்குளித்துறைக்காரன், என்னிடம் கேட்கிறீர்களே!

கோவா மறைமாவட்டம் அமைக்கும் ஆணையில் கையெழுத்து இவருடையது. 1534 நவம்பர் 3, பதவிக்கு வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. எல்லை நன்னம்பிக்கை முனையிலிருந்து சீனாவரை. அடுத்த இரண்டு மூன்று வருஷத்தில் எங்கள் கரையில் பரதவர் திருமுழுக்கு. இயேசு சபைக்கு எழுத்தில் அனுமதி 1540 செப்டம்பர் 27. கர்தினால் குயிதிச்சியோனி இருக்கிற சபைகளே அதிகம் என்று முட்டுக்கட்டை போட்டார், கொந்தாரினி சபைக்காகப் பேசினார். சமரசமாக, 60 பேருக்கு மேல் சேரக்கூடாது என்று ஆணையில் போட்டார்கள். 1544-இல் அந்த வரம்பையும் எடுத்துவிட்டார்கள்.

சபையின் முதல் ஆட்களில் ஒருவரான சவேரியார் அனுமதிக்குக்கூடக் காத்திருக்கவில்லை. மார்ச்சிலேயே ரோமைவிட்டுக் கிளம்பியாயிற்று. லிஸ்பனில் கப்பலேறும்போது கையில் போப்பின் தூதர் என்ற நியமனக் கடிதம். 1542 மே மாதம் கோவா, அக்டோபரில் எங்கள் கரை. ரோமில் விசாரணை மன்றம் தொடங்கி, கொந்தாரினி செத்து, ஒக்கினோ ஓடிய அதே வருஷம். 1544-இல் எழுதிய கடிதத்தில், ஞானஸ்நானம் கொடுத்துக் கொடுத்துக் கை ஓய்ந்துபோகிறது என்கிறார். ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களுக்குப் போய், பாரிசில் குறிப்பாக, பைத்தியக்காரன் மாதிரிக் கத்தவேண்டும்போல இருக்கிறது என்கிறார்.

எங்கள் பக்கம் சவேரியார் பெயர் இல்லாத வீடு கிடையாது. அவரை அனுப்பிய போப்பின் பெயர் கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. ஊரில் ஒரு பெரியவரிடம் கேட்டேன். எங்கள் பேச்சில் பவுல் என்றால் சின்னப்பர். 'மூன்றாம் சின்னப்பரா? அவருக்கு என்ன திருநாளா, பெயர் ஞாபகம் வச்சிக்க?' என்றார்.

ஜனவரி 24

1537-இன் 'சுப்ளிமிஸ் தேயுஸ்' ஆணையைக் கொண்டுவந்து போட்டு, இவர் அடிமைமுறையை எதிர்த்தவர் என்று ஒருவர் மாலை போடுகிறார். ஆணை நல்ல ஆணை. அமெரிக்கப் பூர்வகுடிகள் மனிதர்கள், கிறிஸ்தவர்கள் ஆனாலும் ஆகாவிட்டாலும் அவர்கள் சுதந்திரத்தையும் சொத்தையும் பறிக்கக்கூடாது என்கிறது. அதை மீறினால் சபைநீக்கம் என்று தனியாக ஒரு மடலும் ஸ்பெயினின் தோலேதோ பேராயருக்குப் போனது. சார்லஸ் முறைத்தார். 1538-இல் அந்த மடலைப் போப் திரும்பப் பெற்றுக்கொண்டார். வார்த்தை நின்றது, பல் கழன்றது. 1548-இல் ரோமிலேயே அடிமைகளை வாங்கவும் வைத்திருக்கவும் அனுமதித்தவரும் இவரேதான். மாலையைக் கொஞ்சம் சின்னதாகக் கட்டுங்கள்.

ஜனவரி 29

கேள்வி கேட்டவர் மறுபடி வந்து, 'இத்தனையும் சொல்லிவிட்டு நீங்களே அவரைக் காலி செய்துவிட்டீர்கள், வேஷம் என்று ஒப்புக்கொள்ளுங்கள்' என்கிறார். மாட்டேன். 1545 முதல் 1549 வரை சேர்த்துப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

1545 ஆகஸ்டில் மகன் பியெர் லூயிஜிக்குப் பார்மாவும் பியாசென்சாவும். திருச்சபையின் நிலம், மகனுக்குப் பரம்பரை நாடாகிறது. நான்கே மாதத்தில் திரெந்துச் சங்கம். தொடக்கநாளில் பேராயர்கள் 4, ஆயர்கள் 21, துறவுச் சபைத் தலைவர்கள் 5. சிரித்தார்கள். ஆனால் அந்தச் சிறு கூட்டம் 1546 ஏப்ரலில் வேதாகமமும் மரபும் பற்றி, 1547 ஜனவரி 13-இல் நீதிமானாதல் பற்றித் தீர்ப்பெழுதியது. அந்த ஜனவரித் தீர்ப்புக்கு ஏழு மாதம் உழைத்தார்கள். கொந்தாரினி ஒப்புக்கொண்ட ரேகன்ஸ்பர்க் வழியை அது ஏற்கவில்லை. ஆனால் மனிதன் தன் செயலால் மட்டும் மீட்படைவான் என்பதையும் முதல் விதியிலேயே தள்ளியது. புரோட்டஸ்டண்டுகள் திரும்பி வரமாட்டார்கள் என்று தெரிந்துகொண்டு, இனி நாம் யார் என்று எழுதிவைத்துக்கொள்வோம் என்று உட்கார்ந்தவர்களின் எழுத்து.

ஒரு பக்கம் போர். 1546 ஜூனில் சார்லசோடு ஒப்பந்தம்: புரோட்டஸ்டண்ட் சிற்றரசர்களுக்கு எதிராகப் போப் 12,000 காலாட்படையும் பணமும் தருவார். தந்தார், பேரன் ஒத்தாவியோவும் போனான். தெற்கு ஜெர்மனியில் சார்லஸ் ஜெயிக்கத் தொடங்கியதும், 1547 ஜனவரியில், படையைத் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டார்! சார்லஸ் ரொம்பவும் ஜெயித்துவிடக்கூடாதே. மார்ச்சில் காய்ச்சல் பரவுகிறது என்று சங்கத்தையே போப்பின் ஆட்சியிலிருந்த பொலோஞாவுக்கு நகர்த்தினார்கள். ஸ்பானிய ஆயர்கள் நகரமாட்டோம் என்று திரெந்திலேயே உட்கார்ந்தார்கள். புரோட்டஸ்டண்டுகளை அடக்கும் வாய்ப்பு கையில் இருந்த ஒரே தருணத்தில் பேரரசரும் போப்பும் ஒருவர் காலை ஒருவர் வாரினார்கள்.

செப்டம்பர் 10-இல் பியாசென்சாவில் பியெர் லூயிஜியைக் குத்திக் கொன்றார்கள். சதியில் சார்லசின் மிலான் ஆளுநர் ஃபெர்ரான்தே கொன்சாகாவுக்குப் பங்கு. சார்லசின் மகள் மார்கரீத்தாவைக் கட்டியிருந்தவன் யார்? செத்தவனின் மகன் ஒத்தாவியோ. சம்பந்தி வீட்டுக் கொலை.

கிழவர் பிறகு பார்மாவைத் திருச்சபைக்கே திருப்பிவிடலாம் என்று பார்த்தார். ஒத்தாவியோ மறுத்தான். கர்தினால் அலெஸ்ஸாந்த்ரோவும் தம்பி பக்கம் என்று தெரிந்ததும், பேரன் கையிலிருந்த தொப்பியைப் பிடுங்கிக் கிழித்தாராம். 15 வருஷம் முன்னால் தானே கொடுத்த தொப்பி. சில நாளில், 1549 நவம்பர் 10-இல், இறந்தார். 81 வயது. கடைசி நேரத்தில் மனம் மாறி, பார்மாவை ஒத்தாவியோவுக்கே கொடுக்கச் சொல்லி உத்தரவு.

ஜனவரி 30

'கடைசியில் குடும்பம்தான் ஜெயித்தது' என்கிறார் கேள்வி கேட்டவர். பார்மாவில் ஜெயித்தது, ஏறக்குறைய இருநூறு வருஷம் ஆண்டார்கள். ரோமில் நடந்ததையும் பாருங்கள்.

இவருக்கு அடுத்து வந்த நான்கு போப்புகளும், மூன்றாம் ஜூலியஸ், இரண்டாம் மார்செல்லுஸ், நான்காம் பவுல், நான்காம் பயஸ், நால்வருமே இவர் தொப்பி கொடுத்தவர்கள். ஜூலியசும் மார்செல்லுசும் திரெந்துச் சங்கத்தை இவர் சார்பில் நடத்தியவர்கள். மூன்றாவது பிரதிநிதி ரெஜினால்ட் போல் 1549 தேர்தலில் ஒரே ஓட்டில் போப்பாகாமல் போனார். லூத்தர் வாடை அடிக்கிறது என்று அவர்மேல் சந்தேகம் கிளப்பியது கராஃபா.

அந்தக் கராஃபா 1555-இல் நான்காம் பவுல் ஆனார். பழைய கணக்கையெல்லாம் எடுத்தார். 1542-இல் மூன்றாம் பவுல் கர்தினால் ஆக்கிய ஜொவான்னி மொரோனேயைப் பதிதர், அதாவது திருச்சபைக் கொள்கையை மீறியவர் என்று 1557-இல் சாந்தாஞ்சலோ கோட்டையில் அடைத்தார். கராஃபா இறந்தபிறகுதான் மொரோனே வெளியே வந்தார். நான்காம் பயஸ் அவரைத் திரெந்துக்கு அனுப்பினார். ஆயர்கள் தங்கள் ஊரில் தங்கியிருக்கவேண்டும் என்பதை உறுதிப்படுத்தி, ஊர்தோறும் குருமடம் வைக்கச்சொல்லி, 1563 டிசம்பரில் சங்கத்தை முடித்துவைத்தவர் அந்த மொரோனே.

பிப்ரவரி 2

மொரோனே பற்றித் தனி இழை கேட்கிறவர்கள் நீங்களே தொடங்குங்கள், வந்து சேர்ந்துகொள்கிறேன். கராஃபாவைப் பற்றித் தொடங்கினால் நான் வரமாட்டேன், ரத்தக்கொதிப்பு இருக்கிறது.